தியேட்டரில் அழவைத்த இசை இயர்போனில் ஏன் சலிக்கிறது?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 26, திருநெல்வேலியில் வேலை பார்க்கிறேன். ஒரு படம் பிடித்துவிட்டால் அதன் பின்னணி இசையைத் தேடிப் பிடித்துக் கேட்பது என் பழக்கம். 'இன்டர்ஸ்டெல்லர்' மறுவெளியீட்டில் தியேட்டரில் பார்த்தபோது உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அதே இசையை ஆல்பமாகப் போட்டால் நாலைந்து ட்ராக்குக்கு மேல் மனசு நிற்பதில்லை. ஆனால் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' எத்தனை தடவை கேட்டாலும் அலுக்கவில்லை. பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் இசைக்குழுவின் ஆல்பங்களில் எல்லாரும் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்கிறார்கள், எனக்கு 'அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ்'தான் பிடிக்கிறது. இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் "ஸ்வரமே தெரியாது, உனக்கு எதுக்கு விமர்சனம்" என்கிறார்கள். கருத்து சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா? நம் படங்களின் பி.ஜி.எம். ஏன் ஆல்பமாக வருவதில்லை? பேருந்தில் கேட்க நல்ல இயர்போன் எது?

பதில்: தகுதிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இருக்கிறது. டிக்கெட் எடுத்தீர்கள், உட்கார்ந்து கேட்டீர்கள், கேட்டது உங்களை ஏதோ செய்தது, அவ்வளவு போதும். ஸ்வரம் தெரிந்தால் ஏன் அப்படி ஆனது என்று சொல்ல இன்னும் கொஞ்சம் வசதி, அதைத் தாண்டி ஒன்றுமில்லை. உங்கள் நண்பர்களில் எத்தனை பேருக்கு ஸ்வரம் தெரியும் என்று ஒருநாள் சும்மா கேட்டுப் பாருங்கள்.

நான் சினிமாவில் மிக்சிங் செய்கிறவன், இசையமைப்பாளன் இல்லை. இசை எழுதி, வாசித்து, பதிவாகி வந்தபிறகு அதை வசனத்தோடும் மற்ற சத்தங்களோடும் சேர்த்துத் தியேட்டருக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் இருப்பவன். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் குழப்பம் குழப்பமாகவே தெரியவில்லை. தியேட்டரில் கேட்டதும் இயர்போனில் கேட்டதும் ஒரே சரக்கு என்று எடுத்துக்கொண்டு, ஒன்று பிடித்து இன்னொன்று பிடிக்காமல் போனதற்கு உங்கள் காதைக் குறை சொல்கிறீர்கள். படத்தின் பின்னணி இசை ஒரு படைப்பு, அதே பெயரில் வரும் ஆல்பம் வேறொரு படைப்பு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கருத்து வைத்துக்கொள்ளலாம், ஒன்றைக் கொண்டாடிவிட்டு இன்னொன்றை ஓரமாக வைக்கலாம், அதில் முரண்பாடு கிடையாது.

எங்கள் மேஜைக்கு வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று மூன்றும் தனித்தனியாக வரும். இசையும் ஒரே கட்டாக வராது. தாளம் தனி, ஸ்ட்ரிங்ஸ் தனி, சின்த் தனி என்று ஸ்டெம் ஸ்டெம்மாகப் பிரித்துத் தருவார்கள். இயக்குநர் பின்னால் உட்கார்ந்து "இந்த இடத்துல வயலின் வேணாம், மழை சத்தம் போதும்" என்பார், வயலின் போய்விடும். திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றையும் 85 டெசிபலுக்கு அளந்து வைத்துவிட்டுத்தான் வேலையையே தொடங்குவோம். ஒழுங்காகப் பராமரிக்கிற தியேட்டரில் நாங்கள் கேட்டது ஏறக்குறைய அப்படியே உங்களுக்கும் கேட்கும், சப்வூஃபரில் வருவது காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் தெரியும்.

இன்டர்ஸ்டெல்லர் இதற்கென்றே பிறந்த இசை. இயக்குநர் நோலன், இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரிடம் முதலில் கதையையோ திரைக்கதையையோ கொடுக்கவில்லை, ஒரு தகப்பனையும் பிள்ளையையும் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார், அதில் விண்வெளி என்ற பேச்சே இல்லை. அதை வைத்து ஒரே நாளில் ஜிம்மர் எழுதிக் காட்டிய சின்ன இசைத்துண்டிலிருந்துதான் பிறகு எல்லாம் முளைத்தது. அப்புறம் லண்டன் டெம்பிள் சர்ச்சில் இருக்கும் பைப் ஆர்கனை ரோஜர் சேயர் வாசிக்கப் பதிவு செய்தார்கள். சர்ச் ஆர்கனின் பெரிய குழாய்களிலிருந்து வரும் கீழ் ஸ்வரங்களை உடம்பில் உணரவைப்பது இயர்போனுக்குள் இருக்கும் பொத்தான் அளவு ஸ்பீக்கரால் ஆகிற காரியமா? தியேட்டரில் நாற்காலி அதிர்ந்தது, பேருந்தில் வெறும் மெலடி மட்டும் மிஞ்சியது. மெலடியை மட்டும் பார்த்தால் அந்த ஆல்பத்தில் நாலைந்து ஸ்வரங்கள்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வரும், அது குறையும் இல்லை, அப்படித்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். 2014-இல் படம் வந்தபோதே இசை வசனத்தை விழுங்குகிறது என்று பலர் புகார் செய்தார்கள், நோலன் அது தெரிந்தே செய்த முடிவு என்று நின்றார். எனக்கும் ஒன்றிரண்டு இடங்களில் வசனம் கேட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது, ஆனால் அந்த மிக்சிங்கைக் கைதவறிய வேலை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

இன்னொரு விஷயம். விண்கலத்தைச் சுழன்றுகொண்டிருக்கும் கலத்தோடு இணைக்கும் அந்தக் காட்சி இருக்கிறதே, தியேட்டரில் முக்கால்வாசிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, அதன் இசை 2014-இல் முதலில் வந்த 16 ட்ராக் ஆல்பத்தில் கிடையாது. பிறகு வந்த விரிவான பதிப்புகளில்தான் சேர்ந்தது. நீங்கள் எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்று பாருங்கள். உங்களை அழவைத்த இடமே அதில் இல்லாமல் இருக்கலாம்!

இது ஜிம்மரோடு நிற்கும் கதை இல்லை. 'சைக்கோ' (1960) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் வெறும் ஸ்ட்ரிங்ஸை வைத்து மட்டும் இசையமைத்தார். 1975-இல் அவரே லண்டனில் ஆர்கெஸ்ட்ராவை வைத்து மறுபடி பதிவு செய்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தார், அதில் வேகம் படத்தில் இருப்பதைவிடக் குறைவு. அந்தத் தட்டை மட்டும் கேட்டவர் "என்னங்க, பயமே இல்லையே" என்றால் அவர் சொல்வதும் சரிதான், அவர் கேட்டது வேறு. 'ப்ளேட் ரன்னர்' இன்னும் வேடிக்கை. படம் 1982, அதன் இசையமைப்பாளர் வாங்கெலிஸின் சொந்தப் பதிவு அதிகாரபூர்வ ஆல்பமாக வந்தது 1994. நடுவில் அத்தனை வருடமும் கடையில் கிடைத்தது வேறொரு ஆர்கெஸ்ட்ரா வாசித்த தழுவல். 1994 ஆல்பத்திலும் படத்தின் வசனங்கள் குறுக்கே வரும், படத்தில் இல்லாத பாடல்களும் இருக்கும். 1977 'ஸ்டார் வார்ஸ்' இரட்டை இசைத்தட்டில் ஜான் வில்லியம்ஸ் படத்தின் வரிசையை அப்படியே வைக்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு எது நன்றாக ஓடும் என்று பார்த்து மாற்றி அடுக்கினார். என்னைக் கேட்டால் ஆல்பம் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். படத்தில் வந்த எல்லாத் துண்டையும் நாற்பது நொடி, முப்பது நொடி என்று ஒன்றுவிடாமல் வரிசையாகக் கொட்டும் இன்றைய பழக்கம் தீவிர ரசிகர்களுக்கு விருந்து, மற்றவர்களுக்குத் தண்டனை. அதனால் எந்தக் கருத்தைச் சொன்னாலும் முதல் வரியில் படத்தில் கேட்டேனா, ஆல்பத்தில் கேட்டேனா, எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லிவிடுங்கள். பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஹௌ டு நேம் இட் ஏன் அலுக்கவில்லை என்பதற்கு வருகிறேன். 1986-இல் வந்த அந்த ஆல்பம் எந்தப் படத்துக்கும் எழுதப்பட்டதில்லை. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹுக்கும் (Bach) காணிக்கை என்று சொல்லி, காதுக்காகவே எழுதியது. சினிமா இசையின் நீளத்தைத் தீர்மானிப்பவர் எடிட்டர். கதாநாயகன் கதவைத் திறக்க ஆறு நொடி என்றால் இசைக்கும் ஆறு நொடிதான், ஒரு நல்ல யோசனை விரிந்துவரும் நேரத்தில் காட்சி வெட்டப்பட்டால் இசையும் அங்கேயே முடிய வேண்டும். இந்த ஆல்பத்தில் அந்தக் கயிறு இல்லை. வி. எஸ். நரசிம்மனின் வயலின் ஒரு சொற்றொடரைச் சொன்னால் மற்ற ஸ்ட்ரிங்ஸ் அதை வாங்கி, திருப்பி, எதிர்த்துப் பேசி, ஓர் இடத்தில் கொண்டுபோய் முடிப்பதற்கு நேரம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் வேறொரு குரலைப் பின்தொடர்ந்து போகலாம், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறது.

ஆனால் இதே ஆல்பம் உங்களுக்கு இன்னொன்றையும் காட்டும். பாலு மகேந்திரா தன் 'வீடு' (1988) படத்துக்கு இந்த ஆல்பத்திலிருந்துதான் இசையை எடுத்துப் பின்னணி இசையாக வைத்தார். பாட்டே இல்லாத படம். நீங்கள் ஆல்பத்தை மனப்பாடமாகக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, இப்போது அந்தப் படத்தைப் பாருங்கள். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போவார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இசை அந்தப் படத்துக்குள் வரும்போது நீங்கள் இதுவரை அதில் கேட்காத ஒரு சோகம் கேட்கும். ஒரு ஸ்வரம்கூட மாறியிருக்காது. எந்த இடத்தில் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று ஓர் இயக்குநர் தேர்ந்தெடுத்ததால் வந்த மாற்றம் அது. படம் வேறு, ஆல்பம் வேறு என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

தொடக்கமும் நிறுத்தமும் என்றேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்வரம் தெரியாதவர் பின்னணி இசையைப் பற்றி உருப்படியாகப் பேச இதுதான் வழி. பிடித்த ஒரு காட்சியை முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். இசை எங்கே வர வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள். அப்புறம் சத்தத்தோடு பார்த்து, இசை எந்த நொடியில் உள்ளே வருகிறது, வசனத்துக்கு முன்னாலா பின்னாலா, யாருடைய முகத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். சைக்கோவின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதிக் காட்டியபிறகு மனதை மாற்றிக்கொண்டார். இரண்டு விதமாகவும் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தால் என்ன வித்தியாசம் என்று சொல்ல எந்த ராக ஞானமும் வேண்டாம். 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்துக்கு என்னியோ மோரிக்கோனே இசையைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி முடித்தார், செர்ஜியோ லியோனே அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டு நடிக்கவைத்தார். அந்தப் படத்தில் நடையும் பார்வையும் இசையின் வேகத்தில் நகர்வது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

கூடவே ஒரு வேண்டுகோள், இது தொழில்காரனின் புலம்பலாகவே இருக்கட்டும். "பி.ஜி.எம். ஒரே இரைச்சல், இசையமைப்பாளர் சொதப்பிவிட்டார்" என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள். இசையமைப்பாளர் எழுதியது எதுவும் அப்படியே படத்தில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவு செய்த இசையை இயக்குநர் குப்ரிக் முழுதாக ஒதுக்கிவிட்டு, எடிட்டிங்கின்போது தற்காலிகமாகப் போட்டு வைத்திருந்த செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார். இங்கே அவ்வளவு பெரிதாக நடக்காவிட்டாலும், மிக்சிங்கில் "ஏத்துங்க, இன்னும் ஏத்துங்க" என்ற குரல் பின்னாலிருந்து வராத படம் அபூர்வம். கதாநாயகன் திரும்பிப் பார்த்தால் கோரஸ், நடந்தால் டிரம்ஸ், இரண்டுக்கும் மேல் கார் வெடிக்கும் எஃபெக்ட்ஸ், எல்லாமே உச்சத்தில். இருபது நொடிக்கு வெட்டி எடுத்துக் கைபேசியில் பகிர வசதியாகவே எழுதப்படும் தீம்கள் இப்போது அதிகம். அதில் நல்லதும் உண்டு, ஆனால் இரண்டரை மணி நேரம் அதையே கேட்டால் உங்கள் காது எங்கள் காதைப்போல ஆகிவிடும்.

பிங்க் ஃப்ளாய்ட் விவகாரத்தில் நான் உங்கள் நண்பர்கள் பக்கம், ஆனால் அரை மனதோடு. டார்க் சைட் (1973) ஆல்பமாகக் கட்டுவதில் இன்றும் பாடம். இதயத் துடிப்பில் தொடங்கி அதிலேயே முடியும், ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு இழைத்திருப்பார்கள், அபே ரோடு ஸ்டூடியோவில் ஆலன் பார்சன்ஸ் பதிவு செய்த ஒலி இன்றைக்கும் சுத்தமாக நிற்கிறது. அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ் அதற்கு முந்தைய வருடம், டார்க் சைட் வேலைக்கு நடுவே, பார்பே ஷ்ரோடரின் 'லா வாலே' என்ற பிரெஞ்சுப் படத்துக்காக பிரான்சில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவில் இரண்டு வாரம் போல உட்கார்ந்து முடித்தது. கவனித்தீர்களா, உங்களுக்குப் பிடித்தது படத்துக்காகச் செய்தது, அதுவும் அவசரத்தில். அதனால் அதில் இழைப்பு வேலை இல்லை, பாட்டுகள் குட்டியாக, நேராக, சும்மா நான்கு பேர் ஓர் அறையில் வாசிப்பதுபோல இருக்கின்றன. அந்த எளிமைதான் உங்களுக்குப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் நண்பர்களிடம் அதைச் சொல்லுங்கள். டார்க் சைடை ஓவர்ரேட்டட் என்றால் அவர்கள் கோபப்படுவார்கள், பேச்சு நின்றுவிடும். "எனக்கு இழைத்த மேஜையைவிட ரம்பம் பட்ட பலகை பிடிக்கும்" என்றால் எதிர்த்துச் சொல்ல அவர்களுக்கும் ஏதாவது யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு தடவை ஷஃபிளை அணைத்துவிட்டு, பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாதபடி அமைத்து, 43 நிமிடமும் எழாமல் கேளுங்கள். துண்டு துண்டாகக் கேட்டுவிட்டு அந்த ஆல்பத்தை மதிப்பிடுவது அநியாயம்.

சரி, நம்ம ஊர் பி.ஜி.எம். ஏன் ஆல்பமாக வருவதில்லை? காரணம் பெரும்பாலும் காலண்டரும் காசும்தான். நம் சினிமாவில் ஆடியோ என்றால் பாட்டு. பாட்டு படத்துக்குப் பல வாரம் முன்பே வெளியாகிவிடும், ஆடியோ உரிமையும் அதை வைத்துத்தான் விற்கும். ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசைச் சேர்ப்பு நடப்பதோ எல்லாம் முடிந்து கடைசியில், பல சமயம் வெளியீட்டுத் தேதி கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில். கேசட் கடைக்குப் போனபோது பின்னணி இசை பிறந்திருக்கவே இல்லை. வானொலிக்கும் கல்யாண வீட்டு மைக் செட்டுக்கும் தேவைப்பட்டது பாட்டுதான், நாற்பது நொடி வயலினை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிகள் நினைத்தன. படம் ஓடியபிறகு அந்த ஒலிநாடாக்களைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றவும் இல்லை. இன்று இணையத்தில் பழைய படங்களின் பி.ஜி.எம். என்று கிடைப்பதில் பெரும்பகுதி டிவிடியிலிருந்து ரசிகர்கள் வெட்டி எடுத்தது, பின்னால் கதவுச் சத்தமும் இருமலும் கேட்பது அதனால்தான். ஹாலிவுட்டும் ஒன்றும் சுத்தமில்லை, ஆர்கெஸ்ட்ரா கலைஞர்களுக்கு ஆல்பத்துக்கென்று தனியாகக் கட்டணம் கொடுக்க வேண்டியிருந்ததால் ஒரு காலத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆல்பமே போடமாட்டார்கள்.

இடையிடையே சில தப்பிப் பிழைத்தன. 'பம்பாய்' (1995) படத்தின் கேசட்டில் பாட்டுகளுக்கு நடுவே ஏ. ஆர். ரஹ்மானின் தீம் இசை இருந்தது, நவீனின் புல்லாங்குழல், அது பிறகு 'ஃபயர்', 'லார்ட் ஆஃப் வார்' என்று வேறு படங்களுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) பாட்டில்லாத படம், இளையராஜாவின் பின்னணி இசையே ஆல்பமாக வந்தது. தேசிய விருதில் பின்னணி இசைக்குத் தனிப் பரிசு தொண்ணூறுகளில் ஒருமுறை வந்து நின்றுபோனது, மறுபடி தொடங்கியது 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான், அந்த ஆண்டின் பின்னணி விருது 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்குப் போனது. இப்போது படம் ஓடினால் ஓ.எஸ்.டி. (படத்தின் பின்னணி இசை ஆல்பம்) என்று பின்னாலேயே வெளியிடும் பழக்கம் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு விமர்சனம் எழுதுகிறவர்களைத் தேடினால்தான் கிடைக்கிறார்கள், எல்லாரும் பாட்டு வந்த அன்றே எழுதி முடித்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதலாமே. 'பேசும் படம்' (1987) பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வசனமே கிடையாது, எல். வைத்தியநாதனின் இசையும் சுற்றுப்புறச் சத்தமும்தான், அதனால் வசனத்தின் மேல் பழி போடவும் முடியாது.

கடைசியாக இயர்போன். பிராண்ட் பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே மாடலை நிறுத்திவிடுவார்கள். பேருந்துக்கு என்றால் காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை உள்ளதாக வாங்குங்கள், முனையின் அளவு உங்கள் காதுக்குச் சரியாகப் பொருந்தினாலே பாதி பேஸ் (கீழ் ஒலிகள்) திரும்பி வந்துவிடும். செயலியில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் இரண்டையும் அணையுங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி ஒன்று அமைப்புகளில் இருக்கும், பின்னணி இசை ஆல்பம் கேட்கும்போது அதையும் அணைத்துவிடுங்கள். டீசல் பேருந்தின் உறுமல் சின்னச் சத்தங்களை எல்லாம் தின்றுவிடும், அதை ஜெயிக்க வேண்டுமென்று வால்யூமை ஏற்றாதீர்கள், காது போனால் வராது. அந்த நேரத்துக்கு வழக்கமான பாட்டுகளைக் கேளுங்கள். ஆர்கன், வயலின் எல்லாம் ராத்திரி வீட்டில்.